ஈரலுக்குள் வாசித்தவர்

கல்யாணமான புதிதில் பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. ஒரு சாயங்காலம் மாடிப்படிச் சுவரில் மலாயில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. என் கணவர் அதை வாசித்துவிட்டு வெளிறிய முகத்தோடு வந்தார்.

"இஞ்சாரும், நாளைக்குக் காலமை காத்து இராதாம்."

"காத்து இல்லாமல் எப்பிடியப்பா?"

"தியாடா ஏர் எண்டு போட்டிருக்கு. தியாடா எண்டால் இல்லை, ஏர் எண்டால் காத்துத்தானே?"

அரசாங்கம் சொன்னால் செய்யும் என்று நம்புகிறவர் அவர். இருக்கும் காற்றையாவது பிடித்துவைக்கலாமென்று ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டார். விடிந்ததும் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அது ஏர் இல்லை, ஆயர். மலாயில் தண்ணீர். எழுத்து மட்டும் இங்கிலீஷ் மாதிரியே இருக்குமாம்.

அவர் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். மலாய்க்கும் அதே எழுத்து என்பதால் தடங்கலில்லாமல் வாசிப்பார். பொருள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். நான் கிள்ளானில் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். மலாய் காதில் விழுந்தால் போதும், எல்லாம் விளங்கும். ஆனால் தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்றதால் அந்த எழுத்து தெரியாது. இருவரையும் சேர்த்தால் மலாய் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் தேறும்.

எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களை எங்களிடம்தான் கொண்டுவருவார். ஒருமுறை வந்தபோது நாங்கள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தோம். என் கணவர் ஹாலில் நின்று சுவரைப் பார்த்து வாசித்தார். நான் குசினிக்குள்ளிருந்து அடுப்பைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய ஆபீசில் மலாய்ப் பரீட்சை பாஸ் பண்ணச் சொன்னார்கள். தினமும் அவர் சத்தமாக வாசிப்பார், நான் பொருள் சொல்வேன். பரீட்சை மண்டபத்துக்கு நான் போக முடியாதே. தனியாகப் போய், வியர்த்து வழிய வந்தார்.

"ஒரு கமக்காரன்ரை எருமை துலைஞ்ச கதை. வழக்கம்போலச் சத்தமா வாசிச்சன். எருமை எங்கை எண்டு கேள்வி. மேற்பார்வை பாக்கிற மனிசன் கிட்ட வந்து விடையைச் சொல்லிப்போட்டுப் போறார்!"

"என்ன சொன்னவர்?"

"பாச்சா டாலாம் ஹாத்தி."

கோழிக்கடையில் ஹாத்தி என்றால் ஈரல். நான்தான் அவரை வாங்கிவர அனுப்புவேன். ஆனால் மனசுக்கும் அதே சொல்தான்.

"ஐயோ, அவர் சத்தம் போடாமல் மனசுக்குள்ள வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நீங்கள் என்ன எழுதினீங்கள்?"

"எருமை ஈரலுக்குள்ள எண்டு."

"எருமை எப்பிடியப்பா ஈரலுக்குள்ள போகும்?"

"எனக்கும் யோசனையாத்தான் இருந்தது. ஆனா அவர் ஆபீசர்."

சில வாரங்களில் முடிவு வந்தது. அதுவும் மலாயில். வாசித்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார்.

"லூலூஸ் எண்டு எழுதியிருக்கிறாங்கள். ஃபெயில் எண்டால் ஃபெயில் எண்டு போடலாம்தானே, லூஸ் எண்டு ஏன் ஏசவேணும்?"

"லூலூஸ் எண்டால் பாஸ்!"

"உமக்கு வாசிக்கத் தெரியாதே. எப்பிடிச் சொல்லுறீர்?"

கீழ்வீட்டு மலாய்க்காரரிடம் ஓடிப்போய்க் காட்டினார். அவர் கைகுலுக்கி வாழ்த்தி அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, நெஞ்சை நிமிர்த்தி, எனக்கு மலாயில் ஒரு பேச்சுப் பேசினார். ஒரு சொல்லும் எனக்கே விளங்கவில்லை.