கீழ்நோக்கிய அம்பு

அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாள் இன்னும் என் ஆட்டோவில், கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறது. மருந்தின் அளவுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. ஒன்பதாவதில் மூன்று முறை உட்கார்ந்த எனக்கும் அம்பு புரியும். குறைவு என்று அர்த்தம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு, தினமும் மாத்திரை. அப்போது வயிற்றில் ஏழு மாதம். நகரியில் எடுத்த அந்தத் தாளைத் திருப்பதி டாக்டரம்மாவிடம் காட்ட இன்னும் ஒரு வாரம் இருந்தது. "கம்மியா கீதுக்கா, ஒண்ணு சேத்துப் போடு. நானும் பாதி டாக்டருதான்" என்றேன். வலிப்பு வந்தால் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயத்தில் அவளும் போட்டாள்.

நாலைந்து நாளில் அவள் நடை தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போவாள். "இன்னாக்கா, காலையிலேயே சரக்கா?" என்று பின்னாலேயே நானும் தள்ளாடிக் காட்டினேன். "போடா பேமானி" என்று சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாத மிச்சம்தான் வேலை செய்யும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதும் அதுதான். கர்ப்பத்தில் புரதம் குறையும், ஒட்டியதும் குறையும். இந்தத் தாளோ இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது; அம்பு கீழே போனாலும் ஒட்டாதது குறையவில்லை என்றார்.

"அப்ப பஸ்ஸுல சீட்ட கழட்டிட்டாங்க. படிக்கட்டுல தொங்கறவன் தொங்கிக்கினுதான் கீறான். அதானே மேடம்?"

"அதே. அந்தப் படிக்கட்டுலதான் நீ இன்னும் ஆள ஏத்திட்ட. அவங்க எங்க எறங்குவாங்க, சொல்லு?"

அக்காவின் கை வயிற்றுக்குப் போனது.

மாத்திரையையே விட்டுவிடவா என்று கேட்டாள். கூடாது, விட்டால் வலிப்பு. பழைய அளவே போதும், ஒட்டாத மருந்தைத் தனியாக அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, புத்தூர் தாண்டியபின் ஒரே ஒரு முறை பேசினாள். "ஏறவும் முடியல, எறங்கவும் முடியலடா." மீதி இரண்டு மாதமும் ஒவ்வொரு மாத்திரையையும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் விழுங்கினாள்.

பெண் பிறந்து ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டரம்மா. போன வாரம் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு அடி வைத்துச் சாய்கிறாள், வீடே கைதட்டுகிறது. "இன்னாடா மாமங்காரா, சரக்கான்னு கேக்கலியா?" என்று அக்கா சீண்டுகிறாள். எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் நடக்கும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் சாயும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அம்புதான் தெரிகிறது. அவள் எழுந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன்.