மூன்று மணிக்குப் பேசியவள்

இது நடந்தது. இர்பான் வாயால் சொல்லிக் கேட்டதல்ல. பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் இருப்பதைத்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இர்பான் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள் ஃபெபி. குடவாசல் பெண். வானத்தில் ஒரே ஒரு ஜோடியை நான்கு வருடம் கவனித்தாள். ஒரு நட்சத்திரம், அதோடு சேர்ந்து சுற்றும் ஒரு கருந்துளை. நட்சத்திரத்தின் வாயுவைக் கருந்துளை உறிஞ்சும்போது, அந்த வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடாகி எக்ஸ்ரேயைக் கொட்டும். செயற்கைக்கோள் அதை எண்ணி அனுப்பும். எக்ஸ்ரே சட்டென்று மங்கினால், ஒன்பது மணி நேரம் கழித்து அங்கிருந்து காமா கதிர் வெடித்துக் கிளம்புகிறது. அதைக் கண்டுபிடித்தது ஃபெபிதான்.

கட்டுரை வெளிவந்தபோது இர்பான் பெயர் மட்டும் இருந்தது.

ஃபெபி புகார் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு நம்பரை எல்லாம் இட்டுக்கட்டியிருந்துச்சு. நான்தான் சரிபண்ணேன்" என்று விசாரணையில் சொன்னார் இர்பான். அவளைப் பேசவே விடவில்லை. ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவள் ஸ்கூட்டி மீது லாரி மோதியது. அங்கேயே முடிந்துவிட்டது.

ஒன்றரை வருடம் போனது. அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச பெங்களூர் மாநாடு ஒன்றிலிருந்து இர்பானுக்கு அழைப்பு வந்தது. ஆன்லைனில்தான். செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி.

அன்று பூதலூர் வீட்டில் அவர் மட்டும். மனைவி ஷமா நாகப்பட்டினத்தில், தாய் வீட்டில். வெளியே சுள்ளென்று வெயில். பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

2.10. எக்ஸ்ரே வரைபடத்தைத் திறந்தார். நூறு முறை பார்த்த கோடு. நடுவில் ஒரு பள்ளம். அது முன்பு அங்கே இல்லை.

கோப்பு கெட்டிருக்கும் என்று புதிதாகத் தரவிறக்கினார். பள்ளம் அகலமாகியிருந்தது.

2.31. மறுபடி திறந்தார். எல்லாம் பூஜ்யம். வரிசை வரிசையாகப் பூஜ்யம்.

அப்படி வரவே வராது. வெற்று வானத்தைப் பார்த்தாலும் அந்தச் செயற்கைக்கோள் எதையாவது எண்ணும்.

2.44. பக்கத்து அறையில் சத்தம்.

டக்… டக்டக்டக்… டக்.

கீபோர்டு. அந்த அறையில் நெல் மூட்டையைத் தவிர ஒன்றும் கிடையாது. எட்டிப் பார்த்தார். மூட்டைகள்தான். சத்தம் நிற்கவில்லை.

ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார். இயந்திரம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் இரைச்சல் இல்லை. துளிகூட இல்லை.

3.00.

திரையில் முகங்கள் வந்தன. கூட்டத்தை நடத்திய கமலாம்பாள் மேடம் கேட்டார்: "இர்பான், ஆரம்பிக்கலாமா?"

வாயைத் திறந்தார்.

வேறு குரல் வந்தது.

ஒரு பெண்ணின் குரல். நிதானமாக, தெளிவாக. அவர் உதடு அசையவில்லை. கை எழவில்லை. திரையில் அவர் பெயரைச் சுற்றி, பேசுகிறவரைக் காட்டும் பச்சைக் கட்டம் மட்டும் மின்னியது.

அந்தக் குரல் எல்லாவற்றையும் சொன்னது. அவருக்கே தெரியாத கணக்குகளையும் சொன்னது.

"ரொம்ப நல்ல வேலை. இதை யார் செஞ்சது?" என்றார் மேடம்.

"நான் மேடம். ஃபெபி. சார் திருடிட்டாங்க."



"நான் பேசி முடிச்சிட்டேன் சார்…"

இம்முறை குரல் அவர் காதோரம்.

"இனிமே நீங்க பேச வேண்டாம்."

3.42. திரை அணைந்தது. வயலில் இயந்திரம் இரைந்தது.

அன்று போன குரல் இர்பானுக்குத் திரும்பவில்லை. தஞ்சாவூரில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இர்பான் நடந்ததை ஒப்புக்கொண்டு கல்லூரிக்கும் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதினார். வேலை போனது. கட்டுரையில் அவர் பெயரை எடுத்துவிட்டு ஃபெபி பெயரைப் போட்டார்கள்.

அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று மாதம் கழித்து, ஷமாவோடு குடவாசல் போனார். ஃபெபியின் அப்பா ஜேசுராஜ் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை.

ஷமாதான் பேசினாள். "இவரால பேச முடியாதுங்க. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தோம்."

ஜேசுராஜ் கட்டுரையைத் தொடவில்லை. இர்பானையே பார்த்தார்.

"இவரா? இவர்தான் தெனம் கேக்குறாரே."

"புரியலைங்க…"

"ஃபெபி ரூம பூட்டித்தான் வெச்சிருக்கோம். மூணு மாசமா, மதியம் மூணு மணியானா உள்ளேர்ந்து ஆம்பளக் குரல். முதல் நாள் செவ்வாக்கிழமை. தொறந்து பாத்தோம். ஆளில்ல. விசாரணைக்கு அவகூட போனப்ப கேட்ட குரல். எனக்கு மறக்குமா?"

ஷமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 2.59.

முள் மூன்றைத் தொட்டது.

பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு இர்பானின் குரல்… இர்பானின் சொந்தக் குரல்… கெஞ்சியது.

"ஃபெபி… வேண்டாம்மா… என்னைப் பேச விடும்மா…"

இர்பான் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அது மூடித்தான் இருந்தது.

ஜேசுராஜ் ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவின் எதிரே போட்டு, சாய்ந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்திரண்டு நிமிஷம் அழுவாரு" என்றார். "நான் ஒரு நாள்கூட விடறதில்ல."