தையலக்காவின் தண்ணீர்ப் பக்கம்

தையலக்கா அந்நிய நாட்டு உளவாளி என்ற சேதி, தண்ணீர் லாரிக்கு முன்பே தெருவுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்த பெருமை இஸ்திரிக்காரரைச் சேரும். லாரி வரும் நேரம் சொல்ல அக்கா இணையத்தில் நடத்தும் தண்ணீர்ப் பக்கத்தில் அரசாங்கமே சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறதாம்: 'இப்பக்கம் வெளிநாட்டிலிருந்து இயக்கப்படுகிறது.'

சரி, விசாரித்துவிடலாம் என்று போனால் வம்பு. பட்டை ஒட்டியது உண்மை. வெளிநாட்டிலிருந்து இயங்குவதும் உண்மை. உளவாளி மட்டும்தான் இஸ்திரிக்காரரின் கைவண்ணம்.

லாரி எப்போது வரும், எந்த முனையில் நிற்கும் என்று ஓட்டுநரைக் கேட்டு வைத்துக்கொள்வது அக்கா. ஆனால் ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் துணி, வாயில் குண்டூசி. போனில் எழுத ஏது கை? ஊசியைத் துப்பிவிட்டு, பேசிப் பதிந்து தங்கைக்கு அனுப்புவாள். கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை, அங்கிருந்து எழுதிப் போடுவாள். வருஷக்கணக்காகத் தெரு இப்படித்தான் குடம் நிரப்பியது.

பட்டை விழுந்ததும் பாதித் தெரு பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்தியது. லாரி வந்து போயிற்று, குடங்கள் காலி. மாடிவீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி வெறுங்குடத்தோடு படியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்த அக்கா கடையைப் பூட்டினாள்.

"பட்டைய எடுக்காம இனி மெஷின்ல கால் வைக்க மாட்டேன்."

இணையக் கண்காணிப்பு அலுவலகத்தில் அதிகாரி மரியாதையானவர்தான்; காலர் மட்டும் அளவு தப்பியிருந்தது.

"யாரும்மா எழுதுறது?"

"என் தங்கச்சி."

"எங்க இருக்காங்க?"

"வெளிநாட்டுல."

"அப்ப பட்டை சரிதானே?"

"தண்ணி வர்ற நேரத்தச் சொல்லி எந்த நாட்ட சார் கவுக்க முடியும்?"

அவர் சிரிக்கவில்லை. கணினியைத் திருப்பிக் காட்டினார். வேறொரு பேட்டையின் பெயரில் ஒரு பக்கம்; 'குழாயில் விஷம் கலந்துவிட்டார்கள்' என்று ஒரே வரி. எங்கோ அயல்நாட்டு அறையில் உட்கார்ந்து ஒருவன் கூலிக்கு எழுதியது. அதை நம்பி இரண்டு தெருக்காரர்கள் ஒருவரையொருவர் அடிக்கக் கம்பெடுத்துவிட்டார்கள்.

அக்கா அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு, "இத மூடுங்க சார். பூட்டு வேணும்னா நான் வாங்கித் தரேன்" என்றாள்.

"மூடியாச்சும்மா. ஆனா சட்டத்துக்கு அவனும் உங்க தங்கச்சியும் ஒண்ணுதான். அவங்கள நீக்கிட்டு இங்கருந்தே எழுதுங்க. பட்டைய எடுத்துடறேன்."

அங்கேயே தங்கையை அழைத்தாள். மறுமுனையில் சலவை இயந்திரங்களின் இரைச்சல்.

"நீக்கிடுக்கா" என்றாள் தங்கை. ஓர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அத எழுதுறப்பதான் நானும் குடத்தோட அங்க நிக்கிற மாதிரி இருக்கும்."

"அழுதே, உதைப்பேன். லாரி வர்ற சத்தத்தப் பதிஞ்சு அனுப்புறேன், போதுமா?"

"மறந்துடுவே."

"மறந்தா சட்டையப் புடிச்சுக் கேளுடி."

நீக்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒற்றை விரலால், அதிகாரி எதிரிலேயே எழுதிப் போட்டாள்: 'நாளைக் காலையில் லாரி வரும். கிழக்கு முனை. உளவாளியை நம்புகிறவர்கள் குடத்தோடு வரவும்.'

பட்டை போயிற்று.

மறுநாள் முனையில் முதல் ஆள் இஸ்திரிக்காரர். "நம்ம அக்காவையா சந்தேகப்படுறது? ஊரு வாய மூட முடியுமா, சொல்லுங்க!"

"உங்க வாய மூடினா போதும்ணே. நகருங்க" என்று மாடிவீட்டுக்காரியின் குடத்தை முதலில் வைத்தாள் அக்கா. லாரி முழங்கி வந்தது. தள்ளுமுள்ளு, சிரிப்பு, இரண்டு கையிலும் குடம். எல்லோரும் நிரப்பிக்கொண்டு கலைந்த பிறகுதான் போனை எடுத்தாள்.

லாரி தெருமுனை தாண்டியிருந்தது. தங்கையிடமிருந்து ஒரு சேதி மட்டும் கிடந்தது: "சத்தம் எங்கேக்கா?"