பிரசிடென்ட் தெருவுக்குக் கடைசியில்

நான் பஞ்சாயத்துப் பிரசிடென்ட் ஆன பிறகு வந்த முதல் கோடையிலேயே எங்கள் தெருவின் போர்வெல் வற்றிப்போனது. கையெழுத்துப் போட்டால் தண்ணி லாரி ஓடிவரும் என்று தெருவே நம்பியது. பதவிக்கு வருமுன் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

உத்தரவை எழுதி செக்ரட்டரியிடம் நீட்டினேன். தமிழ் பேசும் ஊரானாலும் எங்களுடையது எல்லையோரக் கேரளப் பஞ்சாயத்து; அவர் மலையாளி, நல்ல மனிதர். படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"கமிட்டி தீருமானம் இல்லாம ஞான் ஒப்பு போடில்லா, பிரசிடென்டே."

அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். முந்தைய பிரசிடென்ட் தன் சொந்தக்காரர்கள் பக்கமே லாரியை ஓட்டியபோது, எதிர்க்கட்சி மெம்பராக மேசையைத் தட்டித் தட்டி என் கை வீங்கியது. விதி சரியானதுதான். தொண்டை வறண்டிருக்கும்போது சற்று மெதுவாகச் சொல்வேன், அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி காலிக் குடத்தோடு நின்றாள்.

"ஏனுங்க பிரசிடென்ட்டு, ஒரு கொடம் தண்ணிக்குக் கூட்டம் போடோணுமாக்கும்?"

"ஆமா அம்மிணி."

"அப்ப அந்தக் கூட்டத்தையே காய்ச்சிக் குடிங்க. பக்கத்தூட்டுப் புள்ளைக்குக் காச்சலு. கஞ்சி வெக்கத் தண்ணியில்ல."

அவசரக் கூட்டம் போட்டேன். ஒரு மெம்பர் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு விற்கப் போய்விட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் வேண்டுமென்றே வரவில்லை. கூட்டம் செல்லுபடியாக இன்னும் ஒரு தலை வேண்டும். இப்போது எதிர்க்கட்சி மெம்பராக இருக்கும் முந்தைய பிரசிடென்ட் வீட்டுக்கே போனேன்.

"விதி போட்டவரு வந்துட்டீங்களா? வாங்க, தண்ணி குடிக்கறீங்களா?"

வெட்கப்படாமல் ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்தேன்.

"வந்து உக்காந்தாப் போதுமுங்க. என்னைய நல்லா திட்டுங்க, பரவால்ல."

"வர்றேன். ஆனா லாரி மொதல்ல மேட்டுத்தெருவுக்குப் போகோணும். பிரசிடென்ட் தெருவுக்குக் கடைசீல. தீர்மானத்துல எழுதோணும்."

அவர் ஆட்கள் இருக்கும் மேட்டுத்தெருவிலும் குழாய் காய்ந்துதான் கிடந்தது. கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான். செக்ரட்டரியும் உடனே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. டிரைவர் இறங்கி டேங்கைத் தட்டிக் காட்டினார். டங்கென்று காலிச் சத்தம்.

"மேட்டுத்தெருவுலயே தீந்துருச்சுங்க. இனி நாளைக்குத்தான்."

வரிசையில் நின்றவர்கள் லாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "உங்க கையில ஒண்ணுமே இல்லீங்களாண்ணா?"

அவள் குடத்தை வாங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குக் கிளம்பினேன். யார் வீட்டு வாசலில் முதலில் நின்று கேட்பது என்று தெரியவில்லை.