மம்பாவிலிருந்து கோலா பிலாவுக்கு ஆறு மணி நேரம்

சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவனுக்கு முதுகுவலியைவிடப் பெரிய வலி, தன்னை முந்திப் போகிறவனின் முதுகைப் பார்ப்பதுதான் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். மலாயாவில் சப்பான்காரன் காலத்தில் லாரிக்கு எண்ணெய் இல்லை; அரிசியும் இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. மம்பாவ் ரப்பர் தோட்டத்திலிருந்து கோலா பிலாவுக்கு, முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு, நானும் மணியமும்தான் ஆள் ஏற்றினோம். எனக்கு ஆறு மணி நேரம், அவனுக்கு நாலு. அவனிடம் சண்டைக்கு முந்திய ட்யூப் இரண்டு இருந்தன. நானோ ரப்பர் ஷீட்டைக் கீறிச் சக்கரத்தில் சுற்றி, கம்பியால் கட்டியிருந்தேன். சுற்றிலும் ரப்பர் மரம், எனக்கு ஒரு ட்யூப் இல்லை!

தலைக்கு மேலே

வழியிலுள்ள புக்கிட் புத்துஸ் மலை ஏற்றத்தில் ஆளை இறக்கி நடக்கவிடுவது எங்கள் வழக்கம். கோலா பிலாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருநாள் என் சவாரியாக வந்து, அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் மலையைத் தாண்டிப் போனது. எனக்கு அதன் மேலும் பொறாமை. பேச்சுக் கொடுக்கலாமென்று, "சிங்கப்பூர்லேருந்து பினாங்குக்கு ரெண்டே மணி நேரமாம்" என்றேன். ராவுத்தர் நின்றார்.

"பிளேன் கெடக்கட்டும் தம்பி. மணியம்கூட வந்திருந்தா நான் இந்நேரம் கடையில கெழங்கு வித்துக்கிட்டு இருப்பேன்லா."

மரத்துப் பால்

இன்னொரு நாள் ரோட்டோரம் மணியத்தின் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. ட்யூப் ஓட்டை. பார்த்ததும் என் வயிறு குளிர்ந்தது. மணியடித்துக்கொண்டே அவனைத் தாண்டினேன். அவன் பக்கத்து மரத்தைக் கீறி, பாலைத் துணியில் தடவி ஓட்டையில் ஒட்டி, காயவைத்து, இரண்டு மைலுக்குள் என்னைப் பிடித்துவிட்டான். அன்று அவனுக்குச் சவாரி இல்லை. என் பின்னால் இருந்தவள் பிரசவம் பார்க்கப் போகிற மருத்துவச்சி.

"என்னைய அவன் சைக்கிள்ல மாத்தி வுட்டுரு தம்பி. புள்ள ஒனக்காகக் காத்திருக்காது."

மூன்று மாத வேலை

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருநாள் எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். சயாமில் சப்பான்காரர்கள் ரயில் பாதை போடுகிறார்கள், முகாமுக்கு முகாம் சைக்கிளில் கடிதம் கொண்டுபோக ஆள் வேண்டும், மூன்று மாதம், அரிசிச் சோறு என்றார். கிழங்கு தின்று அலுத்த எனக்கு நாக்கில் நீர் ஊறியது. "நான் மூணே மணி நேரத்துல கோலா பிலா போவேன்யா" என்று கூசாமல் புளுகினேன். அவர் சிரித்துவிட்டு மணியத்தின் பெயரை எழுதினார். அவன் தின்னப்போகிற சோற்றை நினைத்து எனக்கு நாலு நாள் கிழங்கு இறங்கவில்லை.

மூன்று மாதம் எட்டு மாதமாயிற்று. போனவர்களில் திரும்பிய ஒன்றிரண்டு பேர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். மணியத்தைப் பற்றிக் கேட்டால், முகாமில் காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை என்றார்கள். அவன் பெண்சாதி ஒருநாள் காலையில் என் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, சயாம் இங்கேருந்து எத்தன மைலு? ஒங்க சைக்கிள்ல போனா எத்தன நாள்ல அவரக் கூட்டியாரலாம்?"

அதற்கப்புறம் கோலா பிலா சாலையில் என்னை முந்த ஆளில்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.