கிரீஸ் போட்ட பட்டன்

தம்பி மேல வந்த கோவம் எனக்கு இன்னும் அடங்கல. கேமரா பட்டனுக்கு எவனாவது படகு இன்ஜின் கிரீஸ் போடுவானா? இவன் போட்டான். சதுரங்கப்பட்டினத்துல கடலுக்குப் போற ஆளுங்களுக்கு அது ஒரு வியாதி. கதவு கீல், சைக்கிள், தையல் மெஷின், எது இறுகினாலும் கிரீஸ்தான்.

அது நான் காலேஜ் படிக்கிறப்ப வாங்கின குட்டி டிஜிட்டல் கேமரா. அதுல எங்க நைனா கரையில மீன் ஏலம் விடுற வீடியோ ஒண்ணு கீது. ஊர்லயே அவரு தொண்டைதான் பெருசு. மூணு தரம்னு சொல்லி உள்ளங்கையில அவரு ஓங்கித் தட்டினாத்தான் மீனு கைமாறும். அதுக்கு முன்ன எவனாவது கூடையத் தொட்டா, தொலைஞ்சான்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கமும் போச்சு, பேச்சும் போச்சு. வூட்ல ஆளுக்கொரு போன் கீது. திருவிழா, பிரியாணி, பக்கத்து வூட்டு நாய்க்குட்டி, எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கோம். அவரு குரல ஒருத்தரும் எடுக்கல. தெனம் காதக் கிழிக்கிற குரல எவன் எடுப்பான். மிச்சம் இந்த ஒரு வீடியோதான்.

அதுவும் மெமரி கார்டு போடாம எடுத்தது, கேமராவுக்குள்ளயே மாட்டிக்கினு நிக்குது. கம்ப்யூட்டர்ல மாட்டுற வயரும் தொலைஞ்சுபோச்சு. எடுத்ததப் போட்டுப் பாக்குற பட்டன் உப்புக்காத்துல இறுகிக் கெடந்துச்சு. நான் வேலைக்குப் போன நேரம் பாத்து இந்த மகராசன் ரிப்பேர் பண்ணிட்டான். அதுவரைக்கும் லேசாவாச்சும் அமுங்கின பட்டன், அதுக்கப்புறம் அசையவே இல்ல.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கடையா ஏறி எறங்கினேன். ஒருத்தன் கையில கூட வாங்கல. "இதத் தூக்கிப் போட்டுட்டு நல்ல போனா வாங்குங்க மேடம்"ன்னான். தூக்கிப் போடணுமாம். உள்ள கெடக்கறது அவன் அப்பன் குரலா இருந்தா போடுவானா?

ஞாயித்துக்கெழம நானே ஒக்காந்துட்டேன். மூக்குக்கண்ணாடிக்குப் போடுற பொடி ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு வாங்கியாந்து, போன்ல ஒரு வீடியோவப் பாத்துக்கினே பிரிச்சேன். பேட்டரியத்தான் கழட்டியாச்சேன்னு விரல வச்சா, ஃப்ளாஷுக்குத் தேக்கி வச்ச கரண்டு சுள்ளுனு அடிச்சுது.

"எதுக்குக்கா பேஜாரு, வுட்டுடேன்"ன்னான் தம்பி.

"வாய மூடிக்கினு அப்பால போடா."

பட்டனுக்கு அடியில கிரீஸும் மணலும் கொழகொழன்னு அப்பிக்கினு இருந்துச்சு. பஞ்சுக்குச்சிய ஸ்பிரிட்ல நனைச்சுத் தொடைச்சேன். தொடைக்கத் தொடைக்கத் திட்டினேன். "அவனும் அவரு குரலக் கேக்கணும்னுதானடி செஞ்சான்"னு அம்மா பரிஞ்சுக்கினு வந்தாங்க. அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சா மட்டும் கோவம் வராதா?

எல்லாத்தையும் மூடி அமுக்கினேன். பட்டன் டிக்குனு எறங்குச்சு. நைனா கட்டில்ல போய் ஒக்காந்து அவரு மூஞ்சிக்கு நேரா புடிச்சேன்.

"வஞ்சிரம் பாரு, கண்ணு பாரு, எவன்டா கேக்குற."

அந்தப் பொடி ஸ்பீக்கர்லயும் வூடு ரொம்பிப் போச்சு. தம்பி கதவுக்கிட்ட வந்து நின்னுட்டான். விலை ஏறிக்கினே போச்சு. ஒரு தரம். ரெண்டு தரம்.

அதோட படம் நின்னுபோச்சு. அன்னிக்குக் கேமராவுல எடம் தீந்திருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துல அத செவுத்துல வீசி அடிச்சிருப்பேன்.

நைனா என்னப் பாக்கல. நின்னுபோன படத்தையே மொறைச்சாரு. கோணிப்போன வாய் துடிச்சுது, சத்தம் வரல. அப்புறம் எடது கையத் தூக்கி, கட்டில் சட்டத்துல ஓங்கி ஒரு தட்டு தட்டினாரு.