காலர் தைத்தவள் கையில் கத்தரி

மூன்று வருஷம் இருக்கும். மழை விட்டு, பிள்ளையாரைக் கரைத்து முடித்து, மும்பை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். அப்போதுதான் செம்பூருக்குப் பக்கத்தில் திலக் நகரில், பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கும் ஒரு சென்டரில் டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். பேரன் பேத்தி எடுத்த வயதில் முதல் டீச்சர் வேலை. அதுவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கு. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். பேரப்பிள்ளைகளை எழுதச் சொல்லலாமே என்பீர்கள். அவர்கள் தமிழ் பேசுவார்கள், எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்கள். மருமகள் திசையன்விளைப் பக்கத்துக்காரி, ஊரிலேயே பத்தாவது வரை படித்தவள்.

தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஒரு சட்டைக் கார்கானா இருந்தது. தையல் பட்டறையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமாகி வந்த மறுவருஷம் அங்கே மெஷினில் உட்கார்ந்தவள், தலை நரைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அந்த வேலை எப்படி என்றால், ஒருத்தி கை மட்டும் தைப்பாள், ஒருத்தி பாக்கெட், இன்னொருவர் பொத்தானுக்குக் காஜா. எனக்குக் காலர். காலரின் இரண்டு முனையும் ஊசி மாதிரி நிற்க வேண்டும், உள்ளே கேன்வாஸ் சுருங்கக் கூடாது. அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை, 'காலரக்கா'தான்.

பிறகு முதலாளி கார்கானாவை பிவண்டிக்கு மாற்றிவிட்டார். அவ்வளவு தூரம் யார் போய் வருவது? வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் சும்மா இருப்பேனா? குழம்பில் உப்பு, பிள்ளைக்குத் தலைவாரல் என்று மருமகளோடு தினம் ஒரு சண்டை. இதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன், எழுதினாளோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவிலிருந்து ஒரு மேடம் எங்கள் சந்துக்கு வந்தார். சின்ன வயது, ஆபீஸ் குடும்பம், நல்ல மரியாதையான பேச்சு. சென்டருக்கு டீச்சர் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா தைக்கறேள் அம்மா?"

"இந்தத் தலை கறுப்பா இருந்ததுல இருந்து தைக்கேம்மா."

"சட்டையா?"

"சட்டைதான்."

அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். சட்டையில் எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அத்தனை வருஷம் சட்டைக்கு நடுவிலேயே இருந்தவளுக்கு, நாம் ஒரு முழுச் சட்டை தைத்ததே இல்லை என்ற நினைப்பு எங்கிருந்து வரும்?

முதல் நாள் போன கதையைச் சொல்ல வேண்டும். சயனில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைனில் மாறி ஒரே ஒரு ஸ்டேஷன். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! எனக்கு போர்டு படிக்கத் தெரியாது. குர்லா பாலத்தில் ஜனங்கள் என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார்கள். வந்த ரயிலில் ஏறி, லேடீஸ் டப்பாவில் பூண்டு உரித்துக்கொண்டு வந்த ஒரு மராத்தி அம்மாவிடம் "திலக் நகர் ஆயா க்யா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா பூண்டுத் தட்டை ஓரமாக வைத்து, கையைப் பிடித்து டப்பா வாசல்வரை கூட்டிவந்து இறக்கிவிட்டார். என் சேலையில் அவர் பூண்டு வாசனையோடுதான் டீச்சராக உள்ளே நுழைந்தேன்.

பெரிய ஹால். சுவரோரமாக மெஷின்கள். நடுவில் நீளமான மேசை, அதன்மேல் ஒரு பெரிய கத்தரி. பெண்கள் சுற்றி நின்றார்கள். அதில் ஒருத்தி நம்ம ஊர்ப் பக்கத்துப் பெண், ஆனால் மும்பையிலேயே பிறந்தவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆச்சி, கட்டிங்ல இருந்து ஸ்டார்ட் பண்ணுங்க. மெஷின் மிதிக்க எங்களுக்கே தெரியும்."

கத்தரியைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. கார்கானாவில் கட்டிங் மேசை என்பது கட்டிங் மாஸ்டரின் ராஜ்யம். நாங்கள் டிபன் டப்பாவைக்கூட அதன்மேல் வைக்க முடியாது. வாழ்நாளில் நான் ஒரு துணியை வெட்டியதே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது.

மறைத்து என்ன செய்ய? "கட்டிங் எனக்கு வராது மக்கா. நான் காலரு தைச்சவ" என்றேன்.

"அப்போ நீங்க போட்டிருக்கிற ஜாக்கெட்டு?"

"பக்கத்துச் சந்து டெய்லரு தைச்சது."

ஹாலே சிரித்தது. "டீச்சர் ஜாக்கெட்டே வெளியில இருந்து வருதா, பஹுத் அச்சா!" என்றாள் அவள். சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி மேடத்துக்குப் போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சனிக்கிழமை நான் வந்து பாக்கறேன் அம்மா. அதுக்குள்ள ஒரு பிளவுஸ் வெட்டித் தைச்சுக் காட்டுங்கோ. இல்லேன்னா வேற ஒருத்தரைத்தான் போடணும். தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றார்.

அன்று சாயங்காலம் நேராகப் பழைய கட்டிங் மாஸ்டர் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். டீக்கடை வாசலில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு ஜாக்கெட் வெட்டக் காட்டித் தாருங்கள் என்று கேட்டேன்.

"காலரு தைச்சவளுக்குக் கத்தரி என்னத்துக்கு? கீரை நறுக்கவா?" என்றார். கூட இருந்தவர்களுக்கு நல்ல சிரிப்பு.

"கீரைக்கு அருவாமனை இருக்கு அண்ணாச்சி. உங்களுக்குச் சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்று திரும்பி நடந்தேன். வாய்தான் அப்படிப் பேசியது. வீடு வரும் வரை மனசு ஆறவில்லை. வேலை போனால் மறுபடியும் அதே அடுப்படி, அதே உப்புச் சண்டை. அதைவிட, அந்தப் பெண் சிரித்த சிரிப்பு.

வீட்டுக்குள் நுழைந்தால், கொடியில் என் ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு ஞாபகம். கார்கானாவில் கோணலாகப் போன சட்டை திரும்பி வந்தால், காலரைப் பிரித்து எடுப்பது என் வேலை. பிளேடை எங்கே வைத்தால் நூல் மட்டும் அறுந்து துணி தப்பும் என்பது என் விரலுக்குத் தெரியும். காலரைப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு ஜாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாதா?

ஜாக்கெட்டை உருவி, பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக அறுத்தேன். கை, முதுகு, முன்பக்கம், பட்டி எல்லாம் தனித்தனியாக வந்தன. மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தே, நல்ல ஜாக்கெட்ட எதுக்கு கிழிக்கியோ?" என்று பதறினாள். இஸ்திரி போட்டுத் துண்டுகளைப் பரப்பியதும், அந்த டெய்லர் எப்படி வெட்டினார் என்பது படம் போட்டதுபோல எனக்கு முன்னால் கிடந்தது.

மறுநாள் அதையெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். பூப்போட்ட துணியை விரித்து, துண்டை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். என்ன ஜம்பம் எனக்கு! முன்பக்கம் ஒன்று, அதே துண்டை வைத்து முன்பக்கம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சேரவில்லை. திருப்பிப் பிடித்தால் ஒன்றில் பூ உள்ளே போய்விட்டது. இரண்டுமே இடது பக்கம்! காலருக்கு வலது இடது கிடையாது பாருங்கள், அந்தப் புத்தி.

மறுபடியும் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், வேறு வழி? ஆனால் அந்த இடுப்பில் கை வைத்த பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இரண்டு துண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆச்சி, துணியை டபுளா மடிச்சு வெட்டினா ஒண்ணு லெஃப்ட், ஒண்ணு ரைட் வரும்ல?"

"ஏட்டி, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதானே டீச்சர்" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் அவள் ஒரு பை கொண்டுவந்தாள். உள்ளே அவளுடைய ஜாக்கெட் ஒன்று, புதுச்சேலையிலிருந்து வெட்டிய கரும்பச்சைத் துணி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் கொழுந்தனுக்கு நிச்சயதார்த்தமாம்.

"உங்க ஜாக்கெட் அளவுக்குத் தைச்சா அதை யாரு போட்டுக் காட்டுறது? இதைப் பிரிங்க. எனக்கு ஃபிட்டா இருக்கிறது இது ஒண்ணுதான். சொதப்புச்சுன்னா, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்."

"வா, கருவாட்டுக் குழம்பு வைக்கேன்" என்றேன். துணியை விரித்து அளந்து பார்த்தேன். அந்தத் துணிக்கு மறுதுணி கிடையாது.

அன்று எல்லோரையும் பிரிக்க உட்காரவைத்தேன். கார்கானாவில் மாதிரியே ஆளுக்கு ஒரு பாகம். "பிரிக்கும்போதே பாத்துக்கிடுங்க, எது எதோட சேந்திருந்துச்சுன்னு. நாளைக்கு அவளவ பிரிச்சத அவளவதான் தைக்கணும்." தைக்க வந்தால் பிரிக்கச் சொல்கிறாளே என்று முணுமுணுத்தவர்கள்கூட, கொஞ்ச நேரத்தில் "கை இங்க சுருக்கி வெச்சிருக்கு பாரு" என்று ஒருத்திக்கொருத்தி காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் பச்சைத் துணியை மடித்து, நானே வெட்டினேன். கை, முதுகு எல்லாம் அருமையாக வந்தது. கழுத்து வளைவில் திரும்பும்போதுதான் அந்தக் கனத்த கத்தரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. எலி கடித்த மாதிரி ஒரு கோணல். அந்தப் பெண் முகத்தில் இரத்தமே இல்லை. அந்தத் துண்டை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையிலேயே போட்டாள்.

நான் அந்தக் கோணலைப் பார்த்தேன். மேசையில் கிடந்த மிச்சத் துணியைப் பார்த்தேன். எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அது கழுத்தல்லவா! மனுஷ உடம்பில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதானே!

"கழுத்தா? கழுத்த எங்கிட்ட விடுட்டி" என்றேன்.

கோணலைச் சீராக்கி, மிச்சத் துணியில் சின்னதாக, கழுத்தைச் சுற்றிப் படுத்த மாதிரி ஒரு காலர். முனை இரண்டும் ஊசி மாதிரி. மெஷினில் உட்கார்ந்ததும் என் கை தானாக ஓடியது. பெண்கள் எல்லோரும் அவரவர் மெஷினை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

சனிக்கிழமை மேடம் வந்தார். அந்தப் பெண் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, நடுஹாலில் மறுபடியும் இடுப்பில் கை வைத்து நின்றாள். மேடம் அவளைச் சுற்றி வந்தார். கையைத் தூக்கச் சொன்னார், அக்குளில் இழுத்துப் பார்த்தார், உள்பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் காலர் யார் வெச்சது?"

ஹாலில் இருந்த அத்தனை விரலும் என் பக்கம் திரும்பியது.

"அம்மா, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமே" என்றார் மேடம்.

"அப்ப உங்க நல்ல ஜாக்கெட்டு ஒண்ணு கொண்டாங்க. பிரிக்கணும்" என்றேன். அன்று அந்த ஹாலில் எழுந்த சிரிப்பு வேறு சிரிப்பு.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரும்போதே வாசலிலிருந்து கத்திக்கொண்டு வந்தாள். நிச்சயதார்த்த வீட்டில் மாப்பிள்ளையைவிட அவள் காலரைத்தான் எல்லோரும் பார்த்தார்களாம். எந்த டெய்லர் என்று கேட்ட சொந்தக்காரிகளிடம், "டெய்லர் இல்ல, எங்க டீச்சர்" என்றாளாம். அவளுடைய பழைய ஜாக்கெட்டையும் அந்த வாரமே அவள் கையாலேயே திரும்பத் தைக்கவைத்தேன். முன்பைவிட நன்றாக வந்தது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இப்போது என்னிடம் தைக்கப் படித்த பெண்கள் திலக் நகரிலும் செம்பூரிலும் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். போன வருஷம் ஒரு நாள் சென்டர் வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் கட்டிங் மாஸ்டர் அண்ணாச்சி. உள்ளே வராமல் செருப்போடு நின்றார், பக்கத்தில் அவர் மருமகள்.

"இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

"கட்டிங்கு உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி? நீங்களே சொல்லிக் குடுக்கலாமே."

"எனக்கு வெட்டத் தெரியும். சொல்லிக் குடுக்கத் தெரியலயே" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேசையில் இருந்த கத்தரியை எடுத்து, முனையில் பெருவிரலை வைத்துப் பார்த்து, "இந்த மொண்ணைய வச்சுக்கிட்டா நீ வெட்டுதே?" என்று அதைக் கையோடு கொண்டுபோனார். மறுநாள் சாணை பிடித்துத் தன் மருமகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வெண்ணெயில் போவது போலப் போகிறது.

புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் நான் கத்தரி கொடுப்பதில்லை, பிளேடுதான் கொடுக்கிறேன். போன வாரம் வீட்டில் என் மருமகளிடம், என் பேரை எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதிக் காட்டு, ரிஜிஸ்டரில் எத்தனை நாளைக்குக் கைநாட்டு வைப்பது என்று கேட்டேன். முதல் எழுத்து வந்துவிட்டது, கொஞ்சம் கோணல்தான். இப்போதெல்லாம் தெரியாதது எது எதிரே வந்து நின்றாலும் எனக்குப் பயம் வருவதில்லை. மனுஷர் கை தைத்ததுதானே, எங்காவது ஒரு தையல் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.